ஆளில்லாமல் மீன் பிடிக்கும் வலைகள்

கேள்வி இது: “கடலில் இருக்கும் பிளாஸ்டிக்கில் பாதி மீன்வலைதான் என்று படித்தேன். அப்படியானால் பையையும் உறிஞ்சுகுழலையும் நாம் விட்டதால் என்ன பயன்? மீனவர்கள் ஏன் வலையைக் கடலில் வீசுகிறார்கள்? இதைத் தடுக்க வழி இருக்கிறதா?”

முதலில் அந்தப் ‘பாதி’ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் இடையே நீரோட்டங்கள் சுழன்று சுழன்று குப்பையைச் சேர்த்து வைத்திருக்கும் கடற்பரப்பைப் பற்றியது. சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே மிதக்கும் பிளாஸ்டிக்கின் எடையைக் குறைந்தது 79,000 டன் என்று மதிப்பிட்டார்கள். அதில் 46 சதவீதம் மீன்வலை. அதாவது அந்த ஒரு பகுதிக்கு மட்டும், மிதப்பவற்றுக்கு மட்டும், எடையில் போட்ட கணக்கு. துண்டுகளை எண்ணிப் பார்த்தால் அதே இடத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நுண்துணுக்குகள். கரையோரத்திலேயே ஒதுங்கிவிடும் பைகளும் பாட்டில்களும், அடியில் அமிழ்ந்துபோன பொருள்களும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. அதை உலகக் கடல் முழுவதற்கும் நீட்டக் கூடாது. நீங்கள் பையை விட்டது வீண் இல்லை.

அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு எண் ‘ஆண்டுக்கு 6,40,000 டன்’. இதையும் நான் பயன்படுத்துவதில்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் சுற்றுச்சூழல் திட்டமும் 2009-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, கடல் குப்பையில் மீன்பிடிக் கருவிகளின் பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கலாம் என்றது. அதை 1970-களில் போட்ட தோராயமான மொத்தக் குப்பைக் கணக்கோடு யாரோ பெருக்கிவிட்டார்கள். விடை அச்சில் ஏறி, திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு உண்மை போலாகிவிட்டது. யாரும் கடலில் அளந்து சொன்ன எண் அல்ல அது.

இப்போதைக்கு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது 2022-இல் வந்த கணக்கு. ஏழு நாடுகளில் 450 மீனவர்களிடம் நேரடியாகக் கேட்டு, உலகம் முழுவதும் நடக்கும் மீன்பிடிப்போடு பொருத்திப் போட்டது. உலகில் பயன்படும் மீன்பிடிக் கருவிகளில் ஏறத்தாழ 2 சதவீதம் ஆண்டுதோறும் கடலில் தொலைகிறது என்று வந்தது. இரண்டு சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். அதைப் பிரித்துப் பாருங்கள்: மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலை சுமார் 3,000 சதுர கிலோமீட்டர், மீன்கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் சுருக்குமடி வலை சுமார் 75,000 சதுர கிலோமீட்டர், நண்டு போன்றவற்றைப் பிடிக்கும் கூண்டுகள் இரண்டரைக் கோடிக்கு மேல், ஒரே நீளக் கயிற்றில் பல தூண்டில்களைத் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டிலில் அந்தத் தாய்க்கயிறு மட்டும் 7,39,000 கிலோமீட்டர். அந்தக் கயிற்றால் பூமியைப் பதினெட்டு முறை சுற்றலாம். ஓர் ஆண்டில் தொலைவது மட்டும் இவ்வளவு.

‘தொலைவது’ என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ‘ஏன் வீசுகிறார்கள்’ என்ற உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் எனக்குச் சங்கடம். பெரும்பாலான மீனவர்கள் வலையை வீசுவதில்லை, இழக்கிறார்கள். வலை அவர்களுடைய முதலீடு. கடன் வாங்கி வாங்கிய வலையாக இருக்கும். அது போனால் அன்றைய மீனும் போய், அடுத்த மாதத் தொழிலும் போகிறது.

எப்படித் தொலைகிறது? அடித்தரையில் பாறையிலோ மூழ்கிய கப்பலிலோ மாட்டிக்கொள்ளும். இழுத்தால் படகு கவிழும் என்ற நிலையில் அறுத்துவிடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. ராத்திரி விரித்து வைத்த வலையின் மேல் இன்னொருவரின் இழுவைப் படகோ சரக்குக் கப்பலோ ஏறிப் போய்விடும். மிதவையை அறுத்துக்கொண்டு அது போனபின், விடிந்து வந்து பார்ப்பவருக்கு வலை எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. புயல் வரும், வலையை எடுக்கப் போனால் உயிருக்கு ஆபத்து. ஒரே இடத்தில் பல விதமான மீன்பிடிப்பு நெருக்கியடிக்கும்போது இழப்பு கூடுகிறது என்பதை மீனவர்களே சொல்கிறார்கள்.

வேண்டுமென்றே விடுவதும் நடக்கிறது, அதை மறைக்க வேண்டாம். அனுமதியில்லாத இடத்தில் பிடிப்பவர்கள் ரோந்துக் கப்பலைக் கண்டால் வலையை அறுத்துவிட்டு ஓடுவார்கள். பழசாகிப்போன வலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தால் போட இடம் இருக்காது, அல்லது போடுவதற்குக் காசு கேட்பார்கள். அதனால் கடலோடு விட்டுவிடுபவர்களும் உண்டு. அப்புறம், யாரும் குற்றமாகவே நினைக்காத ஒன்று இருக்கிறது. வலை சரிபார்ப்பவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். கிழிசலை அப்படியே தைக்க முடியாது. கிழிந்த இடத்தைச் சுற்றி நல்ல கண்ணி வரும்வரை கத்தியால் நறுக்கி, ஓரத்தைச் சீராக்கிக்கொண்டுதான் ஊசியில் புது நூலைக் கோப்பார். நறுக்கிய துண்டுகள் விரல் நீளம், கை நீளம் என்று காலடியில் உதிரும். வேலை படகிலேயே நடந்தால் அவை தளத்திலிருந்து தண்ணீருக்குப் போகும். கரையில் நடந்தால் மழையோடு போகும். கடற்கரையில் பச்சையும் நீலமுமாகக் கிடக்கும் நூல்சிம்புகளில் கணிசமானவை இப்படி வந்தவைதான். இதை நிறுத்த ஒரு சாக்குப்பை போதும்.

சரி, வலை தொலைந்துவிட்டது. பிறகு அது என்ன செய்கிறது?

ஒருகாலத்தில் வலை பருத்தியிலும் சணலிலும் நாரிலும் இருந்தது. தொலைந்தால் சில மாதங்களில் மட்கிப்போகும். நைலான் 1935-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வலையாக எல்லாக் கடலுக்கும் போனது. மட்காத வலை மீனவருக்கு வரமாக இருந்தது, நனைந்ததைக் காயவைக்கும் வேலைகூட மிச்சம். அதே குணம்தான் இப்போது கடலுக்குச் சுமை. ‘600 ஆண்டுகள் கிடக்கும்’ என்று எழுதுவார்கள். நைலானுக்கே இன்னும் நூறு வயதாகவில்லை, ஆகவே யாரும் பார்த்துச் சொன்னது அல்ல அது. நம் ஆயுளுக்குள் தானாகப் போகாது என்பது மட்டும் நிச்சயம்.

இந்த விஷயத்தில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. எல்லா வலையும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.03; நைலானின் அடர்த்தி 1.14. ஆகவே தங்கூசி என்று நாம் சொல்லும் ஒற்றை இழை நைலான் மிதவை கழன்றதும் அமிழும். இழுவை மடிகளிலும் கயிறுகளிலும் வரும் பாலிஎத்திலீனின் அடர்த்தி 0.95, பாலிபுரோப்பிலீனுக்கு இன்னும் குறைவு. அவை மிதக்கும். பசிபிக்கின் சுழலிலும் கரைகளிலும் நம் கண்ணுக்குப் படுபவை பெரும்பாலும் இந்த மிதக்கும் வகை. மீனைச் செவுளில் மாட்டிப் பிடிப்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத மெல்லிழையில் செய்த வலைகள் பெரும்பாலும் அடியில், யாரும் பார்க்காத இடத்தில் கிடக்கின்றன. புகைப்படங்களை வைத்து இந்தப் பிரச்சினையை அளந்தால் அதன் மோசமான பாதி விட்டுப்போகும்.

அடியில் விழுந்த செவுள் வலையின் மேற்கயிற்றில் சிறு மிதவைகள் எஞ்சியிருக்கும், கீழ்க்கயிற்றில் ஈயம் இருக்கும். ஆகவே அது இன்னும் சுவர்போல நிற்கும். மீன் மாட்டும். மாட்டிய மீன் துடிப்பதைக் கண்டு பெரிய மீன் வரும், அதுவும் மாட்டும். எடை கூடி வலை சாயும். பிணம் அழுகி, நண்டும் புழுவும் தின்று தீர்த்தபின் வலை லேசாகி மறுபடி கொஞ்சம் எழும். ஆழம் குறைந்த இடமாக இருந்தால் இது அதிக காலம் ஓடாது: அலையும் நீரோட்டமும் வலையைச் சுருட்டிவிடும், பாசியும், கொட்டலசு என்ற ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிரும் படிந்து மீனுக்கு வலை தெரியத் தொடங்கும், சில மாதங்களில் பிடிப்பு மிகவும் குறைந்துவிடும். ஆழ்கடலில் அப்படி இல்லை. வெளிச்சம் கிடையாது, பாசி கிடையாது, அலையின் கலக்கம் கிடையாது. நார்வே கடலில் ஆழ்நீர்த் தட்டைமீன் பிடிக்கும் வலைகளை வேண்டுமென்றே விட்டுவைத்துச் சோதித்தார்கள். 45 நாட்களுக்குப் பிறகு அவற்றின் பிடிதிறன் தொழிலில் உள்ள வலையின் 20 முதல் 30 சதவீதத்துக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. ஆள் இல்லை, படகு இல்லை, எடுத்துச் செல்பவரும் இல்லை. மீன் மட்டும் தினமும் செத்துக்கொண்டிருக்கிறது.

கூண்டு இன்னும் கொடியது. இரை தீர்ந்ததும் வேலை நிற்க வேண்டியதுதானே? நிற்பதில்லை. உள்ளே மாட்டிப் பட்டினியில் செத்த நண்டு அடுத்த நண்டுக்கு இரையாகிறது. இப்படி இரையைத் தானே புதுப்பித்துக்கொண்டு, கம்பிவலை துருப்பிடித்து உடையும்வரை கூண்டு ஓடும்.

கடலாமைகளைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, படங்கள் எல்லோரும் பார்த்தவைதான். ஓர் எண்ணை மட்டும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் வடக்கே கார்ப்பென்டேரியா வளைகுடாவுக்கு அராஃபுரா கடல் பக்கமிருந்து நீரோட்டம் வலைகளைக் கொண்டுவந்து தள்ளுகிறது. அங்கே பழங்குடி மக்களின் கடலோரக் காவலர்கள் ஆண்டுக்கணக்காக வலைகளை எடுத்துப் பதிவு செய்துவருகிறார்கள். அப்படிப் பதிவான 8,690 வலைகளை வைத்து, அவை ஓர் ஆண்டு மிதந்திருந்தால் 4,866 முதல் 14,600 ஆமைகளைப் பிடித்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். கண்ணி அகலமாகவும் நூல் மெல்லியதாகவும் இருக்கும் வலைகளே ஆமைக்கு அதிக ஆபத்து என்பதும் அந்தப் பதிவுகளிலிருந்துதான் தெரியவந்தது. எடுத்துப் போட்டதோடு விடாமல் ஒவ்வொன்றையும் அளந்து எழுதி வைத்தார்களே, அந்த உழைப்பை நான் பெரிதாக நினைக்கிறேன்.

சூரை மீனைக் கூட்டுவதற்காகக் கடலில் மிதக்கவிடும் தெப்பங்கள் தனிக் கதை. அவற்றின் அடியில் நிழலுக்காகப் பழைய வலையைத் தொங்கவிடுவது வழக்கமாக இருந்தது. இந்தியப் பெருங்கடலில் மட்டும் அந்தத் தொங்கல் வலைகளில் ஆண்டுக்கு 4,80,000 முதல் 9,60,000 பட்டுச் சுறாக்கள் சாகின்றன என்று 2013-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. முழுகிப் பார்த்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் சிக்கவைக்காத தெப்பங்கள்தான் வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

மனிதர்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. 1993 அக்டோபர் 10 அன்று தென் கொரியாவின் மேற்குக் கடலில் சோஹே என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்து 292 பேர் இறந்தார்கள். கூட்டம் அளவுக்கு மிஞ்சியிருந்தது, கடலும் மோசமாக இருந்தது. கப்பலை உந்தும் விசிறிகளில் நைலான் கயிறு சுற்றியிருந்ததும் தெரியவந்தது.

கரையில் ஒதுங்கிய ஒரு வலைப்பந்தை ஒருமுறை நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பிரித்தோம். நெஞ்சு உயரம் இருந்தது. வெளியே தடித்த பச்சை இழுவை மடி. அதற்குள் ஆரஞ்சுக் கயிறு, அதற்குள் வேறொரு முடிச்சும் வேறொரு கண்ணி அளவும் கொண்ட நீல வலை, நடுவே உருட்டிவைத்த முடிபோலத் தங்கூசி. ஒரே படகின் குப்பை இல்லை அது. கடலில் ஒன்றோடொன்று முட்டிச் சேர்ந்தது. கத்தியின் முனை பத்து நிமிடத்தில் மழுங்கிவிடும், மணலும் கொட்டலசும் அப்படி அப்பியிருந்தன. உள்ளே நண்டு ஓடுகள், மீனின் முள், கடைசியில் ஒரு பறவையின் கால், கண்ணிக்குள் நேராக நீண்டபடி. பறவையின் மற்ற பாகம் எதுவும் இல்லை. அரை நாள் ஆகியும் முழுதாகப் பிரிக்க முடியவில்லை.

இனி, தடுக்க வழி இருக்கிறதா என்ற கேள்வி. இருக்கிறது. சட்டத்திலிருந்து தொடங்குவோம். கப்பல்களிலிருந்து வரும் மாசைத் தடுக்கும் மார்ப்பால் ஒப்பந்தத்தின் ஐந்தாவது இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் அமலில் இருக்கிறது. செயற்கை இழை வலைகள் உட்பட எந்தப் பிளாஸ்டிக்கையும் கடலில் போடக் கூடாது என்கிறது அது. ஆனால் தக்க முன்னெச்சரிக்கை எடுத்தும் தற்செயலாகத் தொலைந்தால் குற்றமில்லை என்று விலக்கும் தருகிறது. அந்த விலக்கு நியாயமானது. இழந்தவரைத் தண்டித்தால் அடுத்தமுறை வாயே திறக்க மாட்டார். வலை எங்கே கிடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நார்வே இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. அங்கே வலையை இழந்தவர் முதலில் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் இடத்தைச் சொல்லி அறிவிக்க வேண்டும். அந்த இடங்களுக்கு மீன்வளத் துறையின் கப்பல் 1980-களிலிருந்து ஆண்டுதோறும் போய், கொக்கிகள் பூட்டிய கயிற்றால் அடியைத் துழாவி வலைகளை வெளியே எடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம். செசபீக் விரிகுடாவில் குளிர்கால நண்டுத் தொழில் 2008-இல் மூடப்பட்டபோது, வேலையிழந்த மீனவர்களையே கூலிக்கு அமர்த்தி, ஒலியலைக் கருவிகளைப் படகில் பொருத்திக் கொடுத்து, தொலைந்த கூண்டுகளைத் தேடச் சொன்னார்கள். ஆறு ஆண்டுகளில் 34,408 கூண்டுகள் வெளியே வந்தன. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததில், இதனால் 13,504 டன் நண்டு கூடுதலாகப் பிடிபட்டது, மதிப்பு 2.13 கோடி டாலர், பிடிப்பில் 27 சதவீத உயர்வு என்று தெரிந்தது. எப்படி இவ்வளவு? தொலைந்த கூண்டு நண்டைக் கொல்வதோடு நிற்பதில்லை. பக்கத்தில் தொழில் செய்யும் கூண்டுக்குப் போக வேண்டிய நண்டையும் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. அதை எடுத்ததும் நல்ல கூண்டுகள் நிறைந்தன. சுத்தம் செய்ததன் பலன் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்கே போனது.

தொலைந்தாலும் பாதிப்பைக் குறைக்கும் எளிய வழிகளும் உண்டு. அலாஸ்காவில் நண்டுக் கூண்டின் சுவரில் ஒரு திறப்பைப் பருத்தி நூலால்தான் தைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கூண்டு தொலைந்தால் நூல் மட்கும், கதவு திறக்கும், நண்டு வெளியேறும். ஒரு முழம் பருத்தி நூல் செய்கிற வேலை இது. வலை முழுவதையும் மட்கும் இழையில் செய்யும் முயற்சி இன்னும் அந்த அளவுக்குக் கனியவில்லை. நார்வேயில் காட் மீனுக்குப் போட்டுப் பார்த்தபோது பிடிப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்த நஷ்டத்தை யார் தாங்குவது என்று சொல்லாமல் மீனவர் தலையில் அதைக் கட்ட முடியாது.

தென் கொரியா 2003 முதல், மீன்பிடிக்கும்போது வலையில் ஏறும் குப்பையைக் கரைக்குக் கொண்டுவரும் மீனவருக்குக் காசு கொடுக்கிறது. 2024-இல் கூண்டுகளுக்கு முன்பணத் திட்டமும் வந்தது. வாங்கும்போது கட்டிய பணம், பழைய கூண்டைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய சட்டம், பழைய கருவிகளைச் சேகரிக்கும் செலவை அவற்றைத் தயாரிப்பவர்களே ஏற்க வேண்டும் என்கிறது. கருவிகளில் உரிமையாளரின் அடையாளம் போட வேண்டும் என்று உணவு, வேளாண்மை அமைப்பு 2018-இல் வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அடையாளம் போடுவது வழக்குப் போட என்று மீனவர்கள் பயப்படுவது இயல்பு. கிடைத்த வலையைத் திருப்பிக் கொடுக்கத்தான் அது முதலில் பயன்பட வேண்டும்.

மறுசுழற்சியைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: வலையிலிருந்து காலுறை, கம்பளம், சறுக்குப்பலகை. நைலானை உருக்கிப் புது நூலாக்குவது உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் அந்த ஆலைகளுக்குப் பிடித்தது துறைமுகத்தில் சுத்தமாக, வகை பிரித்துக் கொடுக்கும் பழைய வலை. நாங்கள் பிரித்த அந்தப் பந்தைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஆகவே மறுசுழற்சியின் பெரிய பலன், வலை கடலுக்குப் போகும் முன்பே அதற்கு ஒரு விலை வைப்பதில் இருக்கிறது. கடலில் ஏற்கெனவே கிடப்பதை ஆட்களும் படகும்தான் எடுத்தாக வேண்டும்.

நீங்கள் தனியாளாக என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முக்குளிப்பவராக இருந்தால், பவளப்பாறையில் சிக்கிய வலையை இழுக்காதீர்கள்; இழுத்தால் பவளம் பெயர்ந்து வரும். பயிற்சி பெற்றவர்கள் துண்டு துண்டாக அறுத்து, காற்றுப் பையில் கட்டி மேலே அனுப்புவார்கள். இடத்தைக் குறித்துக் கொடுத்தாலே பெரிய உதவி. கரையில் வலையில் சிக்கிய ஆமையைக் கண்டால், கழுத்திலும் துடுப்பிலும் சுற்றியதை மட்டும் கவனமாக அறுங்கள், ஓட்டின் மேல் ஈரத் துணி போடுங்கள், மூக்கை மூடாதீர்கள். அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். துடுப்பில் வெட்டு ஆழமாக இருந்தால் உடனே கடலில் விடாமல் வனத்துறைக்கோ ஆமை மீட்பவர்களுக்கோ சொல்லுங்கள். அறுத்த வலையை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள், அதே வலை இன்னொன்றைப் பிடிக்கும்.

வெறும் வலை மட்டும் கிடந்தால், கண்ணியின் அளவு தெரிய ஒரு சாவியையோ நாணயத்தையோ பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். மிதவையிலோ கயிற்றிலோ எழுத்து இருந்தால் அதையும். எந்தத் தொழிலின் வலை என்பதை அதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். தூக்க முடிந்தால் அலை எட்டாத மேட்டுக்கு இழுத்துவிடுங்கள். சின்னத் துண்டுகளைக் கையோடு எடுத்து வாருங்கள். மணலில் புதைக்க வேண்டாம், அடுத்த பெரிய அலை அதைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடும்.